தெருவைக் கேட்கும் நேர்காணல்

பாடத்தில் இரண்டு கேள்வி. பிறகு, "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளேயா, காலனியா? அப்பா என்ன செய்கிறார்?" சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைக் கேட்கும் வழி இது. தமிழ் முதுகலை முடித்து அரசு வேலைக்கான நேர்காணலுக்குப் போன நாமும் இதைச் சந்தித்தோம். தொல்காப்பியம் படித்துக்கொண்டு போனோம். தெருவைச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அரசு வேலையில் சாதி மட்டுமல்ல, வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை வைத்தும் பாகுபாடு கூடாது என்கிறது அரசியலமைப்பின் 16(2) பிரிவு. இடஒதுக்கீட்டைச் சரிபார்க்கச் சாதிச் சான்றிதழ் கோப்பிலேயே இருக்கிறது. பிறகு தெருவை எதற்குக் கேட்க வேண்டும்?

எழுத்துத் தேர்வில் உழைத்து வாங்கிய மதிப்பெண்ணை நேர்காணலின் நாலைந்து மதிப்பெண் கவிழ்த்துவிட முடியும். மத்திய அரசு 'சி', 'டி' பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலையே நீக்கிவிட்டது. நேர்காணல் நடக்கும் மற்ற பணிகளில் கேள்விகள் பாடத்தோடு நிற்க வேண்டும். முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும்.

தம்பி, தங்கைகளே, வெளியே வந்ததும் கேட்ட கேள்விகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். முடிவு வந்ததும் உங்கள் மதிப்பெண்ணைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இனி கேள்வி நம் பக்கமிருந்தும் போகட்டும்.