முப்பது வாரமும் ஒரே தலையிலா?

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் எதிர்ப்படுவோரிடமெல்லாம் ஒரு வாதத்தை வைக்கிறார். பிள்ளை பெற்றவர்களுக்குச் சம்பளத்தோடு முப்பது வாரம் விடுப்பு என்றால் சின்னக் கடைகளை இழுத்து மூட வேண்டியதுதானாம். இனிப் பெண்களை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்களாம். அதிலும் ஆம்பளைக்கு எதற்குப் பிரசவ விடுப்பாம்?

கல்லாவில் உட்கார்ந்து பழகியவரா இப்படிக் கணக்குப் போடுவது? முப்பது என்பது தாய்க்கு 16 வாரம், தந்தைக்கு 4, இருவரும் பிரித்துக்கொள்ள 10. அந்தப் பத்தும் 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான். கணவனும் மனைவியும் அவர் கடையிலேயேவா வேலை பார்க்கிறார்கள்? இரண்டு முதலாளிகளின் பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு புலம்புகிறார். அந்தச் சம்பளம் யார் பணம் என்பதைப் பற்றி மூச்சே இல்லை. குடியுரிமை பெற்ற பிள்ளையென்றால், முதல் இரண்டு பிரசவங்களில் தாயின் முதல் 8 வாரம் மட்டுமே முதலாளி பொறுப்பு. மிச்ச 22 வாரச் சம்பளத்தையும் அரசாங்கத்திடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு 2,500 வெள்ளி என்று உச்சவரம்பு உண்டுதான். அந்த வரம்பைத் தாண்டுகிற சம்பளத்தை அவர் கடையில் யாருக்குக் கொடுக்கிறார் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

பணமல்ல, ஆள்தான் பிரச்சினை என்று அடுத்து நழுவுவார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாலு பேரை வைத்து ஓடுகிற கடையில் ஒருவர் குறைந்தால் தீபாவளி நெரிசலில் திணறத்தான் வேண்டும். ஆனால் அதே கடையின் கேஷியர் பையனுக்கு ராணுவத்திலிருந்து ரிசர்விஸ்ட் அழைப்பு வந்தால் என்ன செய்கிறார்? ஆண்டுக்கு 40 நாள் வரை முகாமுக்குப் போக வேண்டியிருக்கும், அதுவும் ஒரு ஆண்டோடு முடிகிற விஷயமல்ல. அங்கேயும் இழந்த சம்பளத்தை அரசாங்கம் ஈடுகட்டுகிறது, இங்கே கல்லாவில் ஆளில்லாமல்தான் இருக்கிறது. அதற்காக ஆம்பளைகளை வேலைக்கு வைக்காதீர்கள் என்று எந்த முதலாளியாவது வாயைத் திறந்ததுண்டா? துப்பாக்கி தூக்கப் போனால் நாட்டுக் கடமை, பிள்ளையைத் தூக்கப் போனால் கடைக்கு நட்டம்! பிரசவமாவது மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடுகிறது. தந்தை நான்கு வாரம் முன்னதாகச் சொல்லியாக வேண்டும் என்று விதியும் இருக்கிறது.

பெண்களை ஒதுக்குவார்கள் என்ற பயத்துக்கு மருந்தே ஆண்களின் விடுப்புதான். இருவருமே விடுப்பில் போகக்கூடியவர்கள் என்றால் பெண்ணைத் தள்ளிவிட்டு ஆணை எடுப்பதில் என்ன லாபம்? அந்தத் தந்தையர் விடுப்போ 2013-இல் ஒரு வாரம், 2017-இல் இரண்டு வாரம் என்று நகர்ந்து, 2025 ஏப்ரல் 1-இல்தான் நான்கு வாரம் கட்டாயமாயிற்று.

ஊரிலிருந்து மாமியாரை வரவழைத்தால் போதும் என்றும் சொல்கிறார். விசிட் பாஸில் வந்தவர் பாஸ் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். பிறகு, தையல் ஆறாத உடம்போடு இருப்பவளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பது யார்? ராத்திரி இரண்டு மணிக்குப் பாலைக் கக்கிவிட்டு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது யார்? கடைக்காரரா வரப்போகிறார்?

நம் பாட்டிமார் விடுப்பா கேட்டார்கள் என்பது அவருடைய கடைசி அஸ்திரம். அந்தப் பாட்டிமார் காலத்தில், தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கேகே மருத்துவமனையில் 1966-இல் மட்டும் 39,835 பிள்ளைகள் பிறந்தன. கின்னஸ் சாதனையே ஆனது. 2023-இல் நாடு முழுவதும் சேர்த்தாலும் 33,000 சொச்சம்தான் பிறந்தன. விடுப்பைக் கூட்டினால் தொட்டில் நிறையும் என்று நான் சொல்லவில்லை. 2004-இல் 12 வாரம், 2008-இல் 16 வாரம் என்று கூட்டியும் 2023-இல் கருவள விகிதம் 0.97-க்கு இறங்கிவிட்டது. ஆனால் பாட்டி வீட்டில் பிள்ளையைத் தூக்க அத்தை, சித்தி, பக்கத்து வீடு என்று ஒரு படையே இருந்தது. இன்றைய வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பது இரண்டு பேர், இரண்டு பேருக்கும் வேலை.

குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் உண்மையான குறைகள் இருக்கின்றன. பிள்ளைக்குக் குடியுரிமை இல்லையென்றால், ஏற்கெனவே இரண்டு பிள்ளை உள்ள தாய்க்கு மகப்பேற்று விடுப்பில் சம்பளம் தர முதலாளிக்கு இன்றும் கடமையில்லை. ‘இரண்டோடு நிறுத்து’ என்ற எழுபதுகளின் வாடை வேலை நியமனச் சட்டத்தைவிட்டு இன்னும் போகவில்லை. அவர் அடுப்படியில் ஒர்க் பெர்மிட்டில் நிற்கும் சமையல்காரருக்குத் தஞ்சாவூரில் பிள்ளை பிறந்தால், அந்த முப்பது வாரத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. இதற்கெல்லாம் மனு எழுதுவதாக இருந்தால் கடைக்கார அண்ணாச்சி எழுதட்டும், முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.