கறுப்பு ரவிக்கை

இந்த வாரம் கண் வலியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள். என் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டியது. பூளை கட்டி இமை ஒட்டிப்போய், "அப்பத்தா, கண்ணு திறக்க மாட்டேங்குது" என்று அழுதபடியே எழுந்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். அதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து மூன்று வைத்தியங்கள் வந்துவிட்டன. தாய்ப்பால் விடு என்றார் ஒருவர். தேன் விடு என்றார் இன்னொருவர். போன வருஷம் வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, தரட்டுமா என்றார் மூன்றாமவர். மூன்றுமே கண்ணைக் கெடுக்கும். திறந்த சொட்டு மருந்துப் புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது.

மெட்ராஸ் ஐ என்கிற இந்தக் கண் வலி பெரும்பாலும் அடினோ வைரஸால் வருகிறது. 1918-ல் சென்னையில் பதிவானதால் அந்தப் பெயர். 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனைக்கு அப்போதே கிட்டத்தட்ட நூறு வயது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்றும் சொல்கிறார்கள். பார்வையால் எதுவும் ஒட்டாது. கண்ணைக் கசக்கிய கை, அந்தக் கை தொட்ட துண்டு, தலையணை உறை, குழாய்த் திருகு இவைதான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கறுப்புக் கண்ணாடி போட்டால் கூச்சம் குறையும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். வலி கடுமையாக இருந்தாலோ, வெளிச்சம் தாங்கவே முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பேரனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மெடிக்கலுக்குப் போனேன். என் பிரஷர் மாத்திரையும் தீர்ந்திருந்தது. இங்கே என் பழைய புகாரைச் சொல்லாமல் நகர முடியாது. மாத்திரை அட்டையைப் பற்றி நான் ஏற்கெனவே மூன்று முறை எழுதியிருப்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான்காவது முறையாகவும் எழுதுகிறேன். வெள்ளித் தாளில் அழுத்திப் பதித்த காலாவதித் தேதி எந்த வெளிச்சத்துக்கும் பிடிபடுவதில்லை. அட்டையை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, மாதம் தெரிந்தால் வருஷம் தெரியவில்லை. பாதி அட்டை கேட்டால் தேதி இருக்கிற பாதியைக் கடைக்காரர் வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்துத் தருகிறார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தினமும் மாத்திரை போடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஐம்பது, அறுபது தாண்டியவர்கள். அவர்கள் கண்ணுக்கு எட்டாத எழுத்தில் அவர்கள் மருந்தின் பெயரை அச்சிடுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரே அளவில், ஒரே வெள்ளையில் இரண்டு மாத்திரைகள் இருந்தால் அந்தப் பெயர் ஒன்றுதான் வித்தியாசம். பெயரையும் தேதியையும் கட்டை எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

அட்டையோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் எங்கள் தெருத் தையல்காரம்மா வந்து நின்றாள். "கண்ணு தெளிவாத் தெரிய ஒரு சொட்டு மருந்து குடுங்கண்ணே" என்றாள். கடைப் பையன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு புட்டியை எடுத்து வைத்தான். சுண்டு விரல் உயரப் புட்டி. என் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தேன். டெக்ஸாமெத்தசோன் இருந்தது. அது ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து, இத்தனை நாளுக்கு என்று எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. விட்டதும் சிவப்பு போகிறது, எரிச்சல் அடங்குகிறது என்று மாதக்கணக்கில் தானாக விட்டுக்கொண்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறிவிடும், புரையும் வளரும். புட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

"உனக்குக் கண்ணுல என்னம்மா?"

"கிட்டக்க எதுவும் தெரியலக்கா. ஊசி கோக்க முடியல."

கண் வலியை இத்தோடு விட்டுவிடுகிறேன். அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனதிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

அவளுக்கு வயது 44. ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷின். மெஷினுக்கு மேலே சுவரில் பழைய நாள்காட்டி அட்டை ஒன்று தொங்குகிறது. அதில் வரிசையாக ஏழு ஊசிகள். சிவப்பு, பச்சை, அரக்கு, மஞ்சள், வெள்ளை, நீலம், கறுப்பு என்று ஏழிலும் நூல் கோத்து நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் கோத்து வைத்துவிட்டுப் போகிறாள். ஹெம்மிங்குக்கும் ஹூக் கட்டவும் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வாள். நூல் தீர்ந்துபோன நிறத்துக்கு அன்று அதோடு வேலை முடிந்தது.

மெஷின் ஊசிக்கு வேறு வழி வைத்திருந்தாள். நூலை உருவுவதே இல்லை. நிறம் மாற்றும்போது பழைய நூலின் முனையில் புது நூலை முடிச்சுப் போட்டு மெதுவாக இழுப்பாள். முடிச்சு ஊசிக் காது வழியாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் நல்லது. சிக்கி அறுந்தால், மகள் நாலரை மணிக்கு வரும்வரை மெஷின் சும்மா நிற்கும்.

போன தையில் ஒரு கறுப்பு ரவிக்கைத் துணியைக் கொடுத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்க்கா" என்றாள். எனக்குக் கோபமே வந்திருந்தது. இப்போதுதான் சொன்னாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் அவளுக்குத் தெரிவதில்லை. உச்சி வெயிலில் வாசலில் உட்கார்ந்தால் கொஞ்சம் தெரியும். அதனால் கறுப்பு, கருநீலம், அரக்கு எதையும் வாங்குவதில்லை. ராத்திரித் தையலை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆயிற்று. தீபாவளிக்கு வழக்கமாக வருகிற துணியில் பாதி பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. "வயசாயிருச்சுல்லக்கா" என்றாள். 44 வயதில்.

இதற்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் வெள்ளெழுத்து. தாளில் எழுத்து இருக்கும், கண்ணுக்கு வெறும் வெள்ளையாகத் தெரியும். சாளேசுரம் என்றும் சொல்வார்கள். வடக்கே நாற்பதுக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது அது. நாற்பதில் வருவது என்று பெயரிலேயே இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் இளகலாக இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் தசை இறுகும்போது லென்ஸ் உப்பிக்கொண்டு, கிட்டே இருப்பதையும் துலக்கமாகக் காட்டும். பத்து வயதுக் குழந்தையால் மூக்குக்கு எட்டு சென்டிமீட்டரில் வைத்துக்கூடப் படிக்க முடியும். வருஷம் ஏற ஏற லென்ஸ் விறைத்துப்போகிறது. தசை இறுகினாலும் அது அசைந்து கொடுப்பதில்லை. பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறோம், கடைசியில் கை நீளம் போதுவதில்லை. ராஜாவுக்கும் வரும், கூலிக்காரருக்கும் வரும். எந்தச் சொட்டு மருந்தாலும், எவ்வளவு கேரட்டும் முருங்கைக் கீரையும் தின்றாலும் இது மாறாது. கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. வைட்டமின் ஏ குறைந்து குழந்தைகளுக்கு வரும் மாலைக்கண்ணுக்கு அது தேவை. வெள்ளெழுத்துக்குத் தேவை ஒரு கண்ணாடி.

எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது. உலகத்தில் 82 கோடியே 60 லட்சம் பேர் கிட்டப் பார்க்கக் கண்ணாடி இல்லாமல் சிரமப்படுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. படிக்கிறவர்கள் பிரச்சினை என்றுதான் இதை நினைத்துக்கொண்டிருந்தோம். அசாமில் நாற்பது வயது தாண்டிய தேயிலை பறிக்கும் தொழிலாளர்கள் 751 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக ஏறியது. எடைக்குத்தான் அங்கே கூலி. வங்கதேசத்துக் கிராமங்களில் தையல், நெசவு போன்ற வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 2024-ல் வந்த முடிவு அது. அரிசியில் கல் பொறுக்குகிறவர், பூவில் அழுகல் மொட்டைக் கிள்ளி எறிகிறவர், பீடிக்கு இலை வெட்டுகிறவர், எல்லோருக்கும் கண்தானே முதல்?

"கண்ணாடி போடேம்மா" என்றேன். "போட்டா கண்ணு இன்னும் கெட்டுப்போகும்னு எங்க மாமியா சொல்றாக" என்றாள். இதை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது வயதுவரை பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தான் செய்யும். போட்டவர்களுக்கு அதுவரை வேலை நடக்கும்.

என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். தெருவோரக் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம், அன்றைக்கே ஊசி கோத்திருப்பாள். நான் ஏன் அதைச் செய்யவில்லை என்றால் எங்கள் பெரிய மாமாவால். மாமாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். சித்திரைத் திருவிழாக் கடையில் ஒவ்வொரு வருஷமும் தானே ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்குவார். எழுத்து தெரிந்தது, அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று நம்பினார். நிலைப்படியில் தோள் இடித்தது, பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியவில்லை, அப்போதும் வயது என்றார். கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வந்திருந்தது. கிளாக்கோமா. வலியில்லை, சிவப்பில்லை, நேரே பார்த்தால் எல்லாம் தெரியும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அம்மாவின் அண்ணனுக்கு வந்ததால் நான் வருஷாவருஷம் போய் அழுத்தம் பார்த்துக்கொள்கிறேன். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதே நோய்க்கு, எழும்பூர் கண் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த எலியட் கண்டுபிடித்த அறுவைச் சிகிச்சையை உலகம் முழுக்கச் செய்தார்கள். அந்த எழும்பூர் இருக்கிற மாநிலத்தில் என் மாமா திருவிழாக் கண்ணாடியோடு இருந்துவிட்டார்.

அதனால் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். "போனா ஒரு நாள் பொழப்பு போச்சேக்கா" என்று தயங்கினாள். உண்மைதான். கண்ணை விரிய வைக்கச் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டே எதுவும் தெரியாது, அன்று தைக்க முடியாது. அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. உள்ளே நரம்பும் விழித்திரையும் நன்றாக இருந்தன. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. இருந்திருந்தால் வருஷம் ஒரு தடவை கட்டாயம் விழித்திரையைப் பார்க்க வேண்டும். பவர் பார்க்கிற பெண்ணிடம், இவள் தையல் வேலை செய்கிறவள் என்று சொல்லி, ஊசி மூஞ்சிக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று அவளையே கையால் அளந்து காட்டச் சொன்னேன். புத்தகம் படிக்கிற தூரமும் தைக்கிற தூரமும் ஒன்றில்லை. என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் என்பதைத் தயவுசெய்து எல்லோரும் சொல்லுங்கள்.

வெளியே ஒரு கண்ணாடிக் கடையில் எடுத்த எடுப்பிலேயே தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் புரோகிரசிவ் லென்ஸ், 6,000 ரூபாய் என்றார்கள். அவளுக்குத் தூரப் பார்வை தெளிவாக இருக்கிறது. தைக்க மட்டும் ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். நாலு கடை தள்ளி 350 ரூபாய்க்கு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு முதலில் தன் விரல் நுனிகளைத்தான் பார்த்தாள். ஊசி குத்தின புள்ளிகளைப் பார்த்து, "இத்தனை இருக்காக்கா?" என்றாள். பிறகு நாள்காட்டி அட்டையிலிருந்து கறுப்பு நூல் ஊசியை எடுத்தாள். அதில் நூல் கோத்துத்தான் இருந்தது. அதை உருவிப் போட்டுவிட்டு, புது நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஜன்னல் பக்கம் திரும்பாமலே கோத்தாள்.

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெஷின் சத்தம் கேட்டது. இன்று காலை என் கறுப்பு ரவிக்கை வந்துவிட்டது, ஐந்து ஹூக்கும் கட்டி.