காத்து கொஞ்சம் எறங்கட்டும்!



"அண்ணே, கல்லு மாதிரி அடிங்க!" சைக்கிள் கடையில் நாம் எல்லாரும் சொல்கிற வசனம் இதுதானே? முதலாண்டு மெக்கானிக்ஸ் படித்த தெம்பில், போன ஐப்பசியில் அப்பாவின் சைக்கிளுக்கு நானே அப்படி அடித்து வைத்தேன். "கரைக்கு இது ஆவாது தம்பி, கொஞ்சம் எறக்கி வுடு" என்றார். "டயர் அமுங்கலேன்னா மிதிக்க லேசா இருக்கும்ப்பா" என்று பெரிய இன்ஜினியர் மாதிரி விளக்கினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான்; அப்பா மறுபேச்சு பேசவில்லை. அன்றே வெண்ணாற்றங்கரைத் திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கி, தாளடி நடவு நேரத்தில் பத்து நாள் கூலி போச்சு.

நான் சொன்னது பொய்யில்லை, வழவழப்பான தார் ரோட்டுக்கு. கரைக்கு வேறு கணக்கு. அப்பாவும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, அதாவது சுமார் 176 பவுண்டு. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு இருந்தால் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடுவது ஏறத்தாழ 3 சதுர அங்குலம்தான். 40 பவுண்டு என்றால் 4½க்குப் பக்கம். மேடுபள்ளத்தில் கல்லு டயர் படியாமல் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் பிடிமானம் ஏது? ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். பிரான்சில் பாரீஸ்-ரூபே பந்தயத்தில் கல் பாவிய ரோட்டுக்காக வீரர்களே காற்றைக் குறைக்கிறார்கள்!

பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடத்தான் காற்று டயர் செய்து 1888இல் காப்புரிமை வாங்கினார். நாம் அதைத் திரும்பவும் கல்லாக்குகிறோம்.

அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும், ஹேண்டில் ஆடும். கேரியரில் மூட்டை ஏற்றினால் பின்சக்கரத்துக்குக் கூடுதலாகவே வேண்டும். (மட்கார்டில் சேறு அடைத்துக்கொண்டால் எந்தக் காற்றும் உதவாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான்!)

மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. சைக்கிள் ஸ்டாண்டில் மீட்டர் வைத்த பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். நம் வால்வு டியூப் காற்றைத் திரும்ப விடாது; அதனால் அடிக்கும்போதே மீட்டரைப் பார்க்க வேண்டும், அதுவும் உள்ளே இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பரவாயில்லை, கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதைவிட மேல். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது.