ஆடிப்பெருக்கும் ஜப்பான் எழுத்தும்

எங்க அக்கா பொண்ணு ஜப்பானிய மொழி கத்துக்கப் போனா. ஹிராகனா எழுத்து 46-ஐயும் திரும்பத் திரும்ப எழுத வச்சாங்களாம். மூணே மாசம். "மாமா, எனக்கு இது வேணாம்"னு நோட்டைத் தூக்கிப் போட்டுட்டா. தப்பு அவ மேல இல்லைங்கறது என் கட்சி.

ஆடி 18-க்கு தொட்டியம் வந்திருந்தா. காவிரிக்கரையில காப்பரிசி கொறிச்சுக்கிட்டே தனபாத்தா பண்டிகைக் கதையைச் சொன்னேன். நெசவு நெய்யற ஓரிஹிமே, மாடு மேய்க்கிற ஹிகோபோஷி. கல்யாணமானதும் ரெண்டு பேரும் வேலையை மறந்துட்டாங்க. அதனால வானத்து ஆத்துக்கு ஆளுக்கொரு கரை, வருஷத்துக்கு ஒரே ராத்திரி சந்திப்பு.

"ஆடி மாசம் புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற மாதிரியா?"ன்னு கேட்டா பாருங்க! :-)

பொதுவா ஜூலை 7. செண்டாய் நகரத்துல ஆகஸ்ட் 6 முதல் 8 வரை, கிட்டத்தட்ட நம்ம பதினெட்டாம் பெருக்கு சமயம். வேண்டுதலைக் காகிதத்துல எழுதி மூங்கில்ல கட்டுவாங்க. 'கவா'ன்னா ஆறு, 'ஹோஷி'ன்னா நட்சத்திரம். அன்னைக்கு ராத்திரி காலண்டர் தாள் பின்னாடி 'கவா'ன்னு ஹிராகனாவுல அவளே எழுதிக் காட்டினா.

பொங்கலையும் ஜப்பானோட ஜனவரி 15 பண்டிகையையும் ஒப்பிட்டவர் பேராசிரியர் சுசுமு ஓனோ. தமிழும் ஜப்பானியமும் உறவுன்னு அவர் சொன்னதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கலை. போகட்டும். குழந்தைக்குச் சொல்லித்தர உறவு எதுக்கு? ஒப்புமை போதும்.

எழுதிப் பழகவே வேணாம்னு சொல்லலை. பண்டிகை முன்னாடி வரட்டும், எழுத்து பின்னாடியே வந்துடும்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?