மரை கழலும் வீடு

இலக்கியம் பேசுகிற இடத்தில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். புத்தி பிசகியவனை ‘மரை கழன்றவன்’ என்று சொல்கிற மொழி நம்முடையது. அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் ஏதோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து, அதிர்கிற எதுவும் ஒருநாள் தளரும் என்பதைக் கண்ணால் கண்டவராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எங்களுக்கு ஒரு திருப்தி.

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்துகளை வாங்கி வீடாக மாற்றிக்கொள்வோர் உண்டு. அப்படி மாற்றிய பேருந்துக்கு ‘ஸ்கூலி’ என்று செல்லப்பெயர். நடுமேற்கு மாநிலமொன்றில் வசிக்கும் நண்பரும் அவர் மனைவியும், இரண்டு குழந்தைகளோடு இந்தக் காரியத்தில் இறங்கினார்கள். எங்கள் குழுவில் சிலர் வார இறுதிகளில் உதவப் போனோம். உதவி என்பது பெரும்பாலும் விளக்குப் பிடிப்பதும், பேருந்தின் அடியில் மல்லாந்து படுத்து ஸ்பேனரை இறுகப் பற்றிக்கொள்வதும்தான். ஆனால் அங்கே படுத்திருந்தபோது உருவான ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பேருந்து வீடுகளின் புகழ்பெற்ற முன்னோடி, 1964இல் கென் கேசியும் நண்பர்களும் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிச் சென்ற வண்டி. அது 1939ஆம் வருடத்து இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பள்ளிப் பேருந்து. (அதே 1939இல்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சிர் கூட்டிய மாநாடு பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறத்தை வகுத்தது. கேசியின் கூட்டம் வண்டிமேல் வேறு எல்லா நிறங்களையும் பூசியது வேறு கதை.) டாம் வுல்ஃப் 1968இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக்கினார். வாசித்தவர் மனதில் தங்குவது வண்ணமும் வேகமும் போதையும்தான். அந்த வண்டி கடைசியில் ஓரிகனில் கேசியின் பண்ணையில் துருவேறிக் கிடந்ததைக் குறைவான பேரே நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்றும் பேருந்து வீடுகளின் படங்களில் நாம் பார்ப்பது மரப்பலகை வேய்ந்த சுவர்களும் தொங்கும் செடிகளும் சாளரத்தில் விழும் வெளிச்சமும். எதை எதோடு எப்படி இணைத்தார்கள் என்பது அந்தப் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. எங்கள் புகார் அந்த மறைவின்மீதுதான்.

முதலில் இருக்கைகள். 66 பேர் அமரும் வண்டி, 22 இருக்கைகள். இருக்கைக்குத் தரையில் நான்கு போல்ட் என்று வைத்தாலும் 88. ஒவ்வொன்றும் தரையைத் துளைத்துக்கொண்டு அடியில் நட்டில் முடிகிறது. மேலே ஒருவர், கீழே ஒருவர். குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு பல வருடங்களாகச் செய்த வேலையில் நட்டும் போல்ட்டும் ஒரே இரும்பாகியிருந்தன. துருவைவிடச் சிறந்த பூட்டு உலகில் இல்லை. ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு காத்திருந்தோம். பத்தில் மூன்று வந்தது. மீதியின் தலைகளை கிரைண்டரால் அறுத்துத் தள்ளினோம். எரிச்சலான வேலை. ஆனாலும் அந்த 88இல் ஒன்றுகூட தளர்ந்திருக்கவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். பேருந்தைக் கட்டியவர்கள் குழந்தைகள் உட்காரும் எதையும் தகட்டின்மேல் வெறும் திருகாணியால் ஒட்டவைக்கவில்லை. துளைத்து, மறுபக்கம் நட் போட்டிருந்தார்கள். உடலின் தகடுகளைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 221ஆம் எண் பாதுகாப்பு விதி 1977 முதல் நடப்பில் உள்ளது. இரண்டு தகடுகள் சேரும் மூட்டு, அவற்றில் பலவீனமான தகட்டின் இழுவலிமையில் 60 விழுக்காட்டையாவது தாங்க வேண்டும் என்கிறது அது. விபத்தில் மூட்டு பிரிந்தால் தகட்டு விளிம்பு கத்தியாகிவிடும் என்பதே காரணம். அதே பேருந்தை வாங்கி உள்ளே அலமாரி மாட்டுகிறவர் இப்படி ஒரு விதியைப் பற்றிக் கேள்விப்படுவதேயில்லை.

நண்பரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. குழந்தைகளின் படுக்கைக்கு மேலே ஓர் அலமாரி. அழகான பைன் பலகை. கூரையின் வளைவிரும்புக்குள் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் திருகாணிகள் எட்டு. தலைகளின்மேல் மரத்தூள் பசை பூசித் தேய்த்து, எங்கே திருகாணி இருக்கிறதென்று அவராலேயே சொல்ல முடியாதபடி செய்திருந்தார். நாங்களும் பாராட்டினோம். முதல் பயணம் 600 மைல். திரும்பி வந்தபோது அலமாரியில் மெல்லிய முனகல். பசையைச் சுரண்டிப் பார்த்தால் எட்டில் மூன்று திருகாணிகள் விரலால் திருப்பினாலே சுற்றின. அந்த மூன்றும் பெண் குழந்தையின் தலைமாட்டுக்கு நேர் மேலே இருந்தன.

கணக்கு எளிது. அந்த வளைவிரும்பின் தகடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அந்தத் திருகாணியில் அங்குலத்துக்கு 16 மரைகள், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர். ஆக, இரண்டு அங்குல நீளத் திருகாணி வாங்கினாலும் இரும்பைப் பிடித்திருப்பது ஒற்றைச் சுற்றுகூட இல்லை. அசையாத வீட்டில் அது போதும். அங்கே பாரம் ஒரே திசையில், கீழ்நோக்கி மட்டும் இழுக்கிறது. பேருந்தில் பாரம் திசை மாறிக்கொண்டே இருக்கும். அலமாரியும் பாத்திரங்களுமாக 35 கிலோ என்று கொள்வோம். பலமாகப் பிரேக் பிடித்தால் அந்த எடையில் பாதிக்கு மேல் முன்பக்கமாகத் தள்ளும். மோதலில் இருபது மடங்கு என்று கொண்டால் 700 கிலோ.

இங்கே ஒரு பொதுவான தப்பெண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போல்ட் பிடிப்பது மரையின் சொரசொரப்பால் அல்ல. போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங். நட்டை முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசைதான் இரண்டு பலகைகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. முறுக்குவதற்கு நாம் செலவிடும் பலத்தில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியிலும், நாற்பது விழுக்காடு மரைகளிலும் உராய்வாகப் போய்விடுகிறது. போல்ட்டை நீட்டுவதற்குக் கிடைப்பது மிச்சமுள்ள பத்து. இதனால்தான் எண்ணெய் பட்ட போல்ட்டை அதே பலத்தோடு முறுக்கினால் அளவுக்கு மிஞ்சி நீண்டு கெடுகிறது. கைக்கு இறுக்கமாகத் தோன்றுவது உள்ளே இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை.

அந்த நெருக்கம் எப்படிப் போகிறது? ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைச் சோதித்துக் காட்டினார். மேலும் கீழுமான ஆட்டம் அவ்வளவாகத் தளர்த்துவதில்லை. இணைந்த பரப்புகள் பக்கவாட்டில் துளித்துளியாக வழுக்கும்போதுதான் நட் தானாகவே பின்வாங்குகிறது. ஓடும் பேருந்தின் உடல் முறுக்கிக்கொடுத்து நெளிகிறது. நெளிவென்றால் பக்கவாட்டு வழுக்கல்தான். இதற்கு மருந்து என்று நம்மவரும் அமெரிக்கரும் ஒன்றுபோல நம்புவது ஸ்பிரிங் வாஷரை. நாசா 1990இல் வெளியிட்ட இணைப்பு ஆணிகள் பற்றிய கையேடு அந்த நம்பிக்கையைக் கைவிடச் சொல்கிறது. முழுதும் முறுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷர் ஆகிவிடுகிறது, பூட்டும் சக்தி எதுவும் மிஞ்சுவதில்லை என்பது அதன் சாரம். ஸ்பிரிங் வாஷர்களை ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருந்த நண்பரிடம் இதைச் சொல்வதற்கு எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது.

அலமாரியை இறக்கினோம். வளைவிரும்பில் துளை பெரிதாக்கி ரிவ்நட் பொருத்தினோம். மெல்லிய தகட்டுக்குள் மரைகொண்ட குழாயைச் செருகி, பின்பக்கம் நசுக்கி நிறுத்தும் சாதனம் அது. 1930களில் விமான இறக்கைகளில் பனி நீக்கும் ரப்பர் உறைகளைப் பொருத்துவதற்காக குட்ரிச் நிறுவனம் கண்டது. துளை கொஞ்சம் பெரிதானால் அதுவும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். எங்களுக்கு இரண்டு சுற்றின. நல்ல வேளை, அலமாரியை ஏற்றும் முன்பே தெரிந்தது. பிறகு கால் அங்குலப் போல்ட், பலகை நசுங்காதிருக்க அகலமான வாஷர். மரைக்கு நீலப் பசை. நீலம் கைக்கருவிக்கு விட்டுக்கொடுக்கும், சிவப்பு சூடு காட்டாமல் விடாது. சிவப்பை வாங்கி வந்திருந்தவரைத் திருப்பி அனுப்பினோம். கை இரண்டு பக்கமும் எட்டுகிற இடங்களில் துளைத்து, நைலான் வளையம் பொதிந்த நட் போட்டோம். மரம் காலப்போக்கில் சுருங்கும், போல்ட்டின் நீட்சி போய்விடும். அப்போதும் அந்த நைலான் நட்டை உதிரவிடாது.

கடையில் இன்னொரு சபலம் காத்திருந்தது. தலையில் மூன்று கோடு போட்டது கிரேடு 5, ஆறு கோடு போட்டது கிரேடு 8. எல்லோருடைய கையும் ஆறு கோட்டுக்கே போகிறது. கிரேடு 5 கால் அங்குலப் போல்ட் ஒன்று அறுவதற்கே சுமார் 3,800 பவுண்டு இழுவை வேண்டும். அதற்கு வெகு முன்பே ப்ளைவுட் கிழிந்திருக்கும். ஆகவே காசை வாஷரில் போடலாம். துருப்பிடிக்காத எஃகும் அப்படியொரு மயக்கம். சாதாரண வகை, வலிமையில் கிரேடு 5க்கும் கீழே. போதாக்குறைக்கு வேகமாக முறுக்கினால் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வழியில் நின்றுவிடும். கூடவே அளவுக் குழப்பம். 1841இல் விட்வொர்த் இங்கிலாந்தில் 55 பாகை மரையை முன்வைத்தார். 1864இல் ஃபிலடெல்ஃபியாவில் செல்லர்ஸ் 60 பாகை என்றார். 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கையெழுத்திட்டு ஒன்றுசேர்ந்தன, ஆனால் மில்லிமீட்டர் தனியாகவே இருக்கிறது. 8 மில்லிமீட்டர் போல்ட்டும் 5/16 அங்குல நட்டும் கண்ணுக்கு ஒன்று. இரண்டு சுற்று ஏறி அப்படியே சிக்கிக்கொள்ளும். அங்கே பலம் காட்டுகிறவர் இரண்டையும் கெடுப்பார். அப்படி ஒருவர் கெடுத்தார். அவர் இந்தக் குழுவில்தான் எழுதுகிறார்.

எல்லாவற்றையும் வெல்டிங் செய்துவிடலாமே, அல்லது பசையால் ஒட்டிவிடலாமே என்பார்கள் சிலர். ஒட்டுங்கள், போல்ட்டோடு சேர்த்து. ஆனால் பேருந்து வீடு கட்டி முடிக்கப்படுகிற பொருள் அல்ல. அடியில் குழாய் ஒழுகும், தரை ஈரமாகும், குழந்தை வளர்ந்து படுக்கை நீளும். பிரிக்க முடியாத மூட்டு ஒவ்வொன்றும் அன்று ரம்பத்துக்கு வேலை வைக்கும். எங்கள் அபிப்பிராயம் இதுதான்: பேருந்து வீட்டில் பாரம் தாங்கும் போல்ட்டின் தலை எதுவும் மறைந்திருக்கக் கூடாது. ஸ்பேனர் எட்ட வேண்டும், கண்ணில் பட வேண்டும். அழகு கெடுகிறதென்றால் அழகைப் பற்றிய நம் எண்ணத்தைத்தான் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். பழைய மரக்கதவுகளில் வரிசையாகத் தெரியும் இரும்புக் குமிழ்களை யாரும் அசிங்கம் என்று சொன்னதில்லை. பலகையின் ஓரத்து அழகுப்பட்டிக்குச் சின்னத் திருகாணியை மறைத்து அடித்துக்கொள்ளுங்கள், விழுந்தால் யாருக்கும் காயமில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எங்கள் யோசனைக்கும் இடமில்லை. நண்பர் முதலில், குழந்தைகள் பயணத்தில் உட்காரத் தானே ஒரு மரப்பெட்டி இருக்கை செய்து, அதன் ப்ளைவுட்டில் பெல்ட்டைப் பொருத்த நினைத்திருந்தார். பெல்ட்டின் நங்கூரத்துக்கு அமெரிக்க விதி எண் 210 இடுப்புப் பட்டைக்கு 5,000 பவுண்டு தாங்கச் சொல்கிறது. அந்த இடத்தில் ப்ளைவுட்டுக்கும் ரிவ்நட்டுக்கும் பேச்சே இல்லை. வீட்டுக்காரம்மா ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னார். பெல்ட்டுகளோடு தயாரிப்பிலேயே வந்த இரண்டு இருக்கைகளைத் தேடி வாங்கி, அவற்றுக்கென்று வகுத்த முறைப்படி, தெரிந்த பட்டறையில் கொடுத்துப் பொருத்தினார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்துப் பலகைவரை மஞ்சள் வண்ணத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தோம். போல்ட் திரும்பினால் கோடு உடையும். முதல் 500 மைலுக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும், பிறகு நீண்ட பயணம் ஒவ்வொன்றுக்குப் பின்னும். பெட்ரோல் நிலையங்களில் வண்டி நிற்கும்போது கோடுகளைச் சரிபார்ப்பது இப்போது அந்தப் பெண் குழந்தையின் வேலை. உடைந்த கோடு ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒரு ஐஸ்கிரீம். சென்ற மாதம் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்ததாக நண்பர் எழுதியிருந்தார். ஒன்று உண்மையான தளர்வு, மற்றொன்று நகத்தால் சுரண்டியது. தண்ணீர்த் தொட்டியின் பட்டைகள் மட்டும் இன்னும் பாக்கி. 100 காலன், நிறைந்தால் 378 கிலோ. பனி விழும் முன் இன்னொரு முறை அடியில் படுக்க வேண்டியிருக்கும்.