தம் கூட்டத்தாரைப் பகைத்த நிலக்கிழார்

எல்பை ஆற்றுக்குக் கிழக்கே பெருநிலம் ஆண்ட ஜெர்மானிய நிலக்கிழாரைப்பற்றி நல்வார்த்தை கூறுவோர் அரியர். யுங்கர் எனப்பட்ட அக்கூட்டத்தார் அரசாங்கப் பொருளை விழுங்கிக்கொண்டே குடியரசைப் பகைத்து, ஹிட்லருக்கு வழி திறந்துவிட்டனர் என்பர். அது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் ஹான்ஸ் ஷ்லாங்கே-ஷோனிங்கன் என்பாரையும் அக்கணக்கிற் சேர்த்தல் அநீதி என்பது எம் கருத்து. (ஷ்லாங்கே என்பதற்கு ஜெர்மன் மொழியில் பாம்பு என்று பொருள், பகைவர்க்கு இஃது எத்துணை வசதி!)

அவர் 1886-இல் பொமரேனியாவில், ஸ்டெட்டின் நகருக்கருகே ஷோனிங்கன் என்னும் ஊரில் பிறந்தார். தொடக்கத்தில் அவரும் ஏனையோர் போன்றவரே. குடியரசை வெறுத்த தேசியக் கட்சியிற் சேர்ந்து, 1924-இல் பாராளுமன்றம் புகுந்தார். ஹூகன்பர்க் அக்கட்சியைத் தீவிர வழியிற் செலுத்தவே, அதனைத் துறந்தார். 1931 நவம்பரில் பிரதம மந்திரி புரூனிங், கீழ் மாகாணங்களின் பண்ணைகளுக்கு உதவும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார்.

அப்பண்ணைகளின் நிலையோ பரிதாபமானது. மணற்பாங்கான பூமி, விளைவதோ ரை என்னும் தானியம், அதன் விலை வீழ்ந்துகிடந்தது. ஆண்டுதோறும் அரசினர் பொருள் கொட்ட, ஆண்டுதோறும் கடன் வளர்ந்தது. தாமே ஏர்த்தொழில் அறிந்தவராதலின், ஷ்லாங்கே-ஷோனிங்கன் எவ்வளவு உதவினும் தேறாத பண்ணைகளும் உள என்பதை மறைக்கவில்லை. தேறுவனவற்றுக்கு உதவுக, தேறாதவற்றை அரசே வாங்கிக் கூறுபடுத்திக் குடியானவரைக் குடியேற்றுக என்றார். உடையவர் விற்க மறுப்பின் ஏலத்துக்கும் அவரது மசோதாவில் இடமிருந்தது. நாட்டில் அறுபது லட்சம் பேர் வேலையின்றி நின்ற காலம் அது. இதனினும் நேர்மையான யோசனை யாது?

நிலக்கிழார் சங்கத்தார் கொதித்தெழுந்தனர். "நிலப் போல்ஷெவிசம்" என்னும் கூக்குரல் ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் செவிக்கெட்டியது. அம்முதியவரோ நாய்டெக் என்னும் பண்ணையில் தங்கியிருந்தார். அப்பண்ணை 1927-இல், அவரது எண்பதாம் பிறந்தநாளுக்கு நிலக்கிழாரும் ஆலை முதலாளிகளும் பணம் திரட்டி அளித்த பரிசு. மரணவரிக்குத் தப்புமாறு மகன் பெயரிற் பதியப்பட்டது. நீதி கேட்க இதனினும் பொருந்தாத இடம் உண்டோ? படைத்தலைவர் ஷ்லைகரின் சூழ்ச்சியும் உடன்சேர, 1932 மே 30-இல் புரூனிங் மந்திரிசபை வீழ்ந்தது, மசோதாவும் மடிந்தது.

அவர் தோல்வியுற்றவர் என்று சொல்லிக் கடந்துபோவாரை யாம் ஒப்போம். பிறர் நிலத்தைப் பங்கிடச் சொல்வது எளிது. தம்மை வளர்த்த கூட்டத்தின் நிலத்தையே பங்கிடச் சொன்னவர் அவர். அதனால் இழந்தது பதவி மட்டுமன்று, தம்மவரின் நட்பையும்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஷோனிங்கன் போலந்துக்கு உரியதாயிற்று. நிலமிழந்த நிலக்கிழார் 1946 முதல் பிரிட்டிஷார் வசமிருந்த பகுதிக்கும், பின்னர் 1949 வரை அமெரிக்கர் பகுதியும் சேர்ந்த பரப்புக்கும் உணவு அதிகாரியானார். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 1,550 கலோரி என்று வகுத்த பங்கீடும் 1947-இல் முழுமையாகக் கிட்டவில்லை. குடியானவரிடம் தானியத்தைக் கண்டிப்பாய்க் கேட்பதும், பசித்த நகரத்தார்க்கு இல்லையென்பதும் அவர்க்கு வாய்த்த தொழில். 1932-இல் பிரபுக்கள் ஏசினர். இப்பொழுது ஏசுவார்க்கு வரம்பே இல்லை.