பெயர்ப்பலகை யார் பெயரில்?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சிறுதொழில் நடத்தும் நம்மவர்கள் சிலருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டு முடிவில் பில்களைச் சேர்த்துக் கட்டும்போது, "வலைத்தளத்துக்கு எந்தக் கம்பெனியின் ஹோஸ்டிங் நல்லது?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. மிக்ஸி வாங்க யோசனை சொல்வதுபோல ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

டொமைன் என்பது பெயர். ஹோஸ்டிங் என்பது இடம். இரண்டும் வேறு. பதினோரு மாத லீவ் அண்ட் லைசன்ஸில் கடை பிடிப்பது மும்பைவாசிகளான நமக்குப் பழகிய சங்கதி. சயானிலிருந்து முலுண்டுக்கு மாற வேண்டி வந்தால் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டுகிறோம். வாடிக்கையாளர்களும் தேடி வருகிறார்கள். ஹோஸ்டிங்கும் அப்படி ஒரு வாடகை இடந்தான். சர்வர் சரியில்லை என்றால் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். பெயர்ப்பலகையே இன்னொருவர் பெயரில் இருந்தால் எதை எடுத்துக்கொண்டு போவது?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்பளமும் ஊறுகாயும் போட்டு விற்கிறது. தளம் அமைத்துக் கொடுத்தவர் தெரிந்த பையன், நல்ல பையனும்கூட. டொமைனைத் தன் கணக்கில், தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார். ஆண்டுதோறும் பணம் கொடுத்தது இவர்கள். பில் வந்தது அவர் பெயரில். பிறகு அவர் வேலை கிடைத்து வெளிநாடு போனார், தொலைபேசி எண் மாறியது, புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அவருடைய பழைய மின்னஞ்சலில் குவிந்தன. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தளம் நின்றது. ஆர்டர் வரும் மின்னஞ்சலும் அதே பெயரில் இருந்ததால் அதுவும் நின்றது. கம்பெனியைக் கேட்டால், "கணக்கு உங்கள் பெயரில் இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. கடைசியில் அட்டைப்பெட்டி, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அச்சடித்திருந்த முகவரியை விட்டுவிட்டு வேறு பெயர் வாங்க வேண்டியதாயிற்று.

காலாவதியான டாட் காம் பெயர் அன்றே பறிபோவதில்லை. பதிவுக் கம்பெனி வழக்கமாகச் சில வாரம் அவகாசம் தரும். பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது மீட்கக் கட்டணம் மிக அதிகம். அதன்பின் 5 நாள் கழித்துப் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் இந்த அவகாசமெல்லாம் கணக்கைத் திறக்க முடிகிறவருக்குத்தான் பயன்படும்.

"நம்ம பையனிடம் பாஸ்வேர்டு கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைக்க மாட்டானா?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஆண்டுதோறும் நம் சங்கக் கணக்கைத் தணிக்கை செய்கிறோமே, பொருளாளரைச் சந்தேகித்தா செய்கிறோம்? அவருக்கும் அது பாதுகாப்பு. நன்றி வேறு, உரிமை வேறு. உழைத்தவருக்குத் தாராளமாகக் கூலி கொடுங்கள். பெயரை மட்டும் உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அந்த டொமைனிலேயே உள்ளதாக இருக்கக் கூடாது. பெயர் நின்றால் அந்த மின்னஞ்சலும் நிற்கும், மீட்கும் வழியும் அடைபடும். "ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்" என்ற சலுகையைவிட, பணம் கொடுத்துத் தனியே பதிவு செய்துகொள்வதே மேல் என்பேன்.

பெயர் பத்திரமான பிறகு இடம் தேடலாம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் மாத வாடகை, பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுத் தொகையை முன்கூட்டியே கட்டுகிறவர்களுக்கு உரியது. புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள். அதுதான் உண்மையான வாடகை. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது பேக்கப். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய கம்பெனியின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே மாதம் ஒரு முறையாவது தளத்தின் பிரதி ஒன்றை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள்.

"99.9 சதவீதம் தளம் நிற்காது" என்ற உறுதிமொழியிலும் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்க இடம் இருக்கிறது. அதற்குமேல் நின்றாலும் வழக்கமாகக் கழிப்பது ஹோஸ்டிங் கட்டணத்தில்தான். உங்கள் வியாபார நஷ்டத்துக்கு ஈடு கிடையாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். மனிதர் யாராவது எடுத்தால் பாதி நிம்மதி.

"கார்டு கொடுத்திருக்கிறேன், தானாகப் புதுப்பித்துக் கொள்ளும்" என்றும் இருந்துவிட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்தபின், கார்டில் தானாகப் பணம் எடுக்க முன் ஒப்புதலும் முன்னறிவிப்பும் தேவை. வெளிநாட்டுக் கம்பெனிகளில் பணம் போகாமலே நின்றுவிடுவதுண்டு. காலாவதித் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைப்பதே நல்லது.

"வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதாதா?" என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். வியாபாரம் அங்கே நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கணக்கு முடங்கினால் கழற்றி எடுத்துப் போக நமக்கென்று ஒரு பலகை இல்லை.

வலைத்தளம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவு யார் பெயரில், மின்னஞ்சல் யாருடையது, காலாவதி என்றைக்கு என்ற மூன்றையும் இந்த வாரமே பார்த்து ஒரு தாளில் எழுதி, கடை லைசன்ஸ் இருக்கும் ஃபைலில் வையுங்கள். பெயர் வேறொருவர் கணக்கில் இருந்தால், அவர் பக்கத்தில் இருக்கும்போதே, உறவும் நன்றாக இருக்கும்போதே, காப்பி கொடுத்து உட்காரவைத்து மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.